விசா இருந்தது, பதிவு மூடப்பட்டிருந்தது: மட்டக்களப்பு மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆவணங்களை ஒழுங்குசெய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை மட்டக்களப்பு நகரில் நடத்துகிறேன். 2022 ஓகஸ்ட்டில் அமெரிக்காவுக்குப் போன ஒரு மாணவிக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். அவரும் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை விட்டிருக்கிறேன்.

தாயார் ஆசிரியை. தந்தைக்குக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஹாட்வெயார் கடை, படுவான்கரையில் கொஞ்ச வயல். மகள் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் உயர்தரம் படித்து நல்ல பெறுபேறு எடுத்தவர். அமெரிக்காவின் நடு மேற்குப் பகுதியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. எஃப்-1 மாணவர் விசா.

இந்த விசாவில் போகும் ஒவ்வொருவருக்கும் செவிஸ் என்ற கணினி முறையில் ஒரு பதிவு இருக்கும். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவை எழுதுவதும் மாற்றுவதும் கல்லூரியில் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர். டிஎஸ்ஓ என்பார்கள். மாணவர் வீடு மாறினால் 10 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். டிஎஸ்ஓ அதை 21 நாளுக்குள் செவிஸில் ஏற்ற வேண்டும். இளநிலை மாணவர் தவணைக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும்; கிரெடிட் என்பது பாடச்சுமையை அளக்கும் அலகு. அதற்குக் கீழே இறங்குவதென்றால் இறங்குமுன் டிஎஸ்ஓவின் அனுமதி வேண்டும். பிறகு போய்ச் சொல்வது கணக்கில் வராது.

புறப்படுமுன் நடந்தவை

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். மே மாதம் 360ஐத் தொட்டது. தந்தையின் 65 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு, 32,000 டொலராக இருந்தது, இரண்டே மாதத்தில் 18,000 டொலராகச் சுருங்கிவிட்டது. கல்லூரி முதலாம் ஆண்டுக்குக் காட்டச் சொன்னது 27,000. கனடாவில் இருக்கும் மாமா பொறுப்புக் கடிதம் கொடுத்ததால்தான், விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் ஐ-20 பத்திரம் வந்தது. செவிஸ் கட்டணம் 350 டொலர், விசாக் கட்டணம் 160 டொலர். ஒவ்வொரு டொலரையும் எண்ணி எண்ணிக் கட்டினார்கள். பெற்றோல் இல்லாத ஜூன் மாதத்தில் ரயிலில் கொழும்புக்குப் போய் நேர்முகத்தை முடித்தார்கள்.

இங்கே இரண்டு விடயங்களைக் குறித்துவைக்கிறேன். இரண்டும் பின்னால் வரும்.

ஒன்று, பெயர். உயர்தரச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு இரண்டு எழுத்து, கடவுச்சீட்டில் ஒரே எழுத்து. அதைச் சத்தியக்கடதாசி முடித்துச் சரிசெய்தோம். ஆனால் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது தந்தையின் பெயர். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான். ஐ-20 கடவுச்சீட்டைப் பின்பற்றியதால் விசாவுக்குப் பிரச்சினை வரவில்லை. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கட்டத்தைப் பார்த்தே உருவானது. பெட்டியைத் திறந்தால் அப்பாவின் பெயரைச் சொல்லி 'மிஸ்' போட்டு அழைக்கும். அந்தப் பிள்ளைக்கு அது தன்னுடையதாகவே படவில்லை. பழைய ஜிமெயிலையே பாவித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு, பிஸ்கட் டின். இந்தப் பகுதி ஆட்களுக்கு ஆவணத்தின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் முதலில் கையில் எடுத்தது பைல் கட்டைத்தான். 2004 சுனாமியில் நாவலடி, கல்லடிப் பக்கம் பிறப்புப் பத்திரம் அள்ளுண்டு போனவர்கள் அதை மறுபடி எடுக்கப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்தத் தாயாரும் மகளின் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொலித்தீனில் சுற்றி, ஒரு சதுர பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொண்டுவந்தார். ஒரு தாள் குறையவில்லை. அதைப் பார்த்ததும் இந்தக் குடும்பத்துக்குப் பதிவு விடயத்தில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன்.

அது என் பிழை. நாங்கள் பழகியிருப்பது கையில் பிடிக்கும் ஆவணத்துக்கு. டின்னுக்குள் வைத்தால் அது அப்படியே இருக்கும். செவிஸ் பதிவை டின்னுக்குள் வைக்க முடியாது. அது அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு தவணையோடும் மாறிக்கொண்டே இருக்கும். விசா என்பது வாசலில் காட்டுவதற்கு. உள்ளே போன பிறகு ஆளைத் தாங்கி நிற்பது பதிவு. நேர்முகத்துக்காக இந்தப் பிள்ளையோடு ஆறு தடவை இருந்து பழக்கினேன். பதிவைப் பற்றிக் கடைசி நாளில் பத்து நிமிடம் பேசியிருப்பேன்.

இரண்டாம் தவணை

பின்வருவது மாணவியின் தொலைபேசியையும் கல்லூரியின் மின்னஞ்சல்களையும் வைத்துப் பிறகு நாங்கள் அடுக்கிய வரிசை.

முதல் தவணை சுகமாக முடிந்தது. 2023 ஜனவரி 5ஆம் திகதி, வாடகை குறைவான ஓர் அறைக்கு மாறினார். வீட்டில் காசு இறுகியிருந்தது அவருக்குத் தெரியும். வங்கிக்கு அறிவித்தார், தொலைபேசிக் கம்பனிக்கு அறிவித்தார், அம்மாவுக்குப் படம் அனுப்பினார். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மட்டும் அறிவிக்கவில்லை.

அந்தத் தவணையில் 13 கிரெடிட் எடுத்திருந்தார். உயர்தர இணைந்த கணிதப் பெறுபேற்றைப் பார்த்து, ஒரு படி மேலான 4 கிரெடிட் கணிதப் பாடத்தில் கல்லூரி அவரை இருத்தியிருந்தது. கணக்குத் தெரியும், விளங்கப்படுத்தி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவதுதான் வரவில்லை. பெப்ரவரி முதல் வாரம் பாட ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதினார்: இந்தப் பாடம் என் நிலைக்கு மேலே இருக்கிறது, விட்டுவிடலாமா? விடலாம், இன்ன திகதிக்கு முன் செய்யுங்கள் என்று பதில் வந்தது. 8ஆம் திகதி இணையத்தளத்தில் ஒரு அழுத்தில் பாடத்தை நீக்கினார். 13இல் 4 போக 9.

பாட ஆலோசகர் வேறு, டிஎஸ்ஓ வேறு. ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குப் போகாது. இங்கே பாடசாலையில் வகுப்பாசிரியரிடம் சொன்னால் அதிபருக்குச் சொன்ன மாதிரித்தான். கல்லூரிக்குச் சொல்லியாயிற்று என்று அந்தப் பிள்ளை முழுமனதாக நம்பியது எனக்கு நன்றாக விளங்குகிறது.

வாராந்த அறிக்கையில் 9 என்ற எண் டிஎஸ்ஓவின் கண்ணில் பட்டது பெப்ரவரி 15இல். 16ஆம் திகதியும் 23ஆம் திகதியும் மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டும் அப்பாவின் பெயர் கொண்ட பெட்டிக்குப் போய் விழுந்தன. ஒரு கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. விசா விதியை மீறி மாணவர் நிலை தவறியவரைப் பற்றி 21 நாளுக்குள் பதிவுசெய்வது கல்லூரியின் கடமை. மார்ச் 3ஆம் திகதி பதிவை மூடினார்கள். காரணம் என்ற இடத்தில், அனுமதியின்றி முழுப் பாடச்சுமைக்குக் கீழே இறங்கியது என்று இருந்தது.

மார்ச் 7, மாலை

வகுப்பறையில் ஒரு தோழி சொல்லித்தான் மாணவி அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்திருக்கிறார். அடுத்த நாள் மாலை தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். பாடசாலைச் சேலை மாற்றவில்லை, டின்னும் கையில். கடவுச்சீட்டின் பிரதியை எடுத்து மேசையில் விரித்து, விசாவின் திகதியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "சேர், இன்னும் காலம் கிடக்கு. பின்ன எப்பிடி முடிஞ்ச எண்டு சொல்றாங்க?"

"ரீச்சர், இது வாசல் திறப்பு மட்டுந்தான். உள்ளுக்குள்ள இருக்கிறதுக்கு வேற கணக்கு," என்றேன். சொல்லும்போதே, இதை நான் எட்டு மாதத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும் என்று நெஞ்சு குத்தியது.

அன்று இரவே மகளுக்கு மூன்று விடயம் சொன்னோம். வகுப்புக்குப் போவதை நிறுத்தாதே. எந்த வேலையும் செய்யாதே. பயந்துபோய் டிக்கெட் போடாதே.

வேலை பற்றி ஒரு சொல். ஜனவரியில் தெரிந்தவர் ஒருவர் தன் கடையில் சனி, ஞாயிறு காசுக்கு நிற்கலாம் என்று கேட்டிருக்கிறார். வீட்டு நிலைமைக்கு அது பெரிய உதவி. அம்மா வேண்டாம் என்று சொல்ல, பிள்ளை போகவில்லை. அனுமதியில்லாமல் வெளியே ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் பின்னால் எடுத்த வழி அடைபட்டிருக்கும்.

கல்லூரியோடு பேசியது

இங்கே இரவு 9.30, அங்கே காலை 10. முதல் அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மாணவரின் எழுத்து அனுமதி இல்லாமல் கல்லூரி அவரது பதிவைப் பற்றி வெளியாரோடு பேச முடியாது. பெற்றோர் என்றாலும் அப்படித்தான். 1974ஆம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கும் சட்டம். அனுமதிப் படிவம் போய்ச்சேர இரண்டு நாள் போனது. புறப்படும்போதே அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த இரண்டு நாளும் வீணாகியிருக்காது.

டிஎஸ்ஓ நல்ல மனிதர். பாட ஆலோசகருக்கு எழுதிய மின்னஞ்சலை அனுப்பிய பிறகு அவருடைய பேச்சே மாறியது. பொருத்தமில்லாத நிலைப் பாடத்தில் இருத்தப்பட்டது, ஆங்கிலத்தில் ஆரம்பச் சிரமம் போன்ற காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. குறைந்தது பாதிச் சுமையாவது இருக்க வேண்டும், 9 இருந்தது. "முதலிலேயே என்னிடம் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டோம். தந்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

முன்னால் இரண்டு வழி இருந்தன. நாடு திரும்பி, புதிய ஐ-20 எடுத்து, செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்டி, புதிதாக நுழைவது ஒன்று. அங்கேயே இருந்து குடிவரவுத் திணைக்களத்திடம் நிலையை மீட்டுத்தரக் கோருவது மற்றது.

தந்தை முதலாவதைச் சொன்னார். பிள்ளை வீட்டுக்கு வரட்டும், மறுகா பார்ப்போம் என்றார். அவருடைய பயம் நியாயமானது. கோரிக்கை மறுக்கப்பட்டால் உடனே புறப்பட வேண்டும், அடுத்த விசாவுக்கும் அது கறையாக நிற்கும். ஆனால் திரும்பி வந்தால் விமான டிக்கெட் இரு வழி, மறுபடி நேர்முகம், அதில் விசா கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. படிப்போடு தொடர்பான தொழிற்பயிற்சிக்குத் தேவையான ஓராண்டுப் படிப்புக் கணக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

மீட்புக்கான நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நிலை தவறி ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; பெப்ரவரி 8இலிருந்து ஜூலை 8 வரை காலம் இருந்தது. திரும்பத் திரும்ப மீறியிருக்கக் கூடாது. அனுமதியற்ற வேலை செய்திருக்கக் கூடாது. முழுநேரமாகப் படிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். தவறியதற்குக் காரணம் மாணவரின் கட்டுப்பாட்டை மீறியதாக இருக்க வேண்டும். அல்லது டிஎஸ்ஓ அனுமதித்திருக்கக்கூடிய பாடக் குறைப்பாக இருந்து, மீட்காவிட்டால் மாணவர் பெருங்கஷ்டப்படுவார் என்று காட்ட வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையும் டிஎஸ்ஓவின் கடிதமும் அச்சாகப் பொருந்தின. இரண்டாவது வழியை எடுத்தோம். நான் சட்டத்தரணி இல்லை. கல்லூரி ஒழுங்குசெய்த சட்டத்தரணி ஒருவர் கடைசி வரைவை வாசித்த பிறகே அனுப்பினோம்.

அறிக்கை எழுதிய விதம்

மாணவியின் முதல் வரைவு நாங்கள் எல்லோரும் எழுதும் கோரிக்கைக் கடிதம் மாதிரி இருந்தது. தாழ்மையுடன், கருணைகூர்ந்து, என் எதிர்காலம் தங்கள் கையில். இரண்டு பக்கத்தில் ஒரு திகதிகூட இல்லை. வாசித்தபோது மனம் கனத்தது. ஆனால் அதை வாசிக்கும் அதிகாரிக்கு வேண்டியது என்ன நடந்தது, எப்போது, அதற்கு எது சான்று என்பவைதான்.

இரண்டாவது வரைவில் திகதிகளை மட்டும் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் அதைக் காட்டும் ஒரு தாள். பாட ஆலோசகரின் பதில் அங்கே வந்தது. மூன்றாவதில் அவருடைய சொந்தக் குரல் திரும்பி வந்தது. கணக்குத் தெரிந்தும் எழுத முடியாமல் இருந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தார். அதில் நான் கை வைக்கவில்லை.

வீடு மாறியதை அறிவிக்காத விடயத்தில் வீட்டுக்குள் வாக்குவாதம் வந்தது. அவர்கள் கேட்காததை நாங்களாக ஏன் சொல்ல வேண்டும் என்பது தந்தையின் கேள்வி. நான் சம்மதிக்கவில்லை. பழைய முகவரி கல்லூரியின் பதிவில் இருக்கிறது, புதியது வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். நாங்கள் சொன்னால் தவறு. அவர்கள் கண்டுபிடித்தால் மறைப்பு. மாணவியே முடிவெடுத்தார்: "சேர், எழுதுவம். நான் செஞ்சதுதானே." ஒரு பந்தியில், காரணம் சொல்லாமல், திகதியோடு எழுதினார்.

இந்த வழிக்கும் புதிய ஐ-20 வேண்டும், அதற்குப் பணச்சான்று மறுபடி வேண்டியிருந்தது. கிராம சேவகரிடம் வருமானச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் மேலொப்பம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலம், வங்கிக் கடிதம், மாமாவின் கடிதம் என்று மூன்று வாரம் ஓடியது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை, ஏப்ரல் 17இல், விண்ணப்பம் போனது. கட்டணமும் கைரேகைச் செலவும் சேர்த்து 455 டொலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய்.

காத்திருந்த எட்டு மாதம்

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது படிக்கலாம். கல்லூரி வளாகத்துக்குள்கூட வேலை செய்யக் கூடாது. நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். செப்டெம்பரில் அம்மம்மா காலமானார். பிள்ளையால் வரமுடியவில்லை. முப்பத்தோராம் நாளைத் தொலைபேசித் திரையில் பார்த்தார். இந்த நிகழ்வில் திருத்த முடியாமல் போன ஒரே விடயம் அதுதான்.

ஓகஸ்ட் தவணையில் 14 கிரெடிட் எடுத்துச் சித்தியடைந்தார். 2023 டிசெம்பர் 11இல் அனுமதி வந்தது. இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாயார் தொலைபேசியில் ஒன்றும் பேசவில்லை, அழுகைதான் கேட்டது. செவிஸ் பதிவு மறுபடி செயலில் வந்தது.

பிறகு மாறியவை

கல்லூரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். எஃப்-1 மாணவர் 12க்குக் கீழே இறங்கும் பாட நீக்கத்தை இணையத்தளம் உடனே ஏற்காமல் டிஎஸ்ஓவிடம் திருப்பிவிட முடியுமா என்று கேட்டேன். பாட ஆலோசகர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லிவைக்கும்படியும் கேட்டேன். எங்கள் பெயர்முறையையும் விளங்கப்படுத்தினேன்: குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது தந்தையின் பெயர், பிள்ளையை மற்றப் பெயரால் கூப்பிடுங்கள். அடுத்த ஆண்டு பாட நீக்கத்துக்குத் தடை போட்டார்கள். அழைக்கும் பெயரை மாற்றவும் வழி செய்தார்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்ற முடியாதாம்.

என் அலுவலகத்தில் விசா கிடைத்த நாளோடு பைலை மூடும் வழக்கம் நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு தவணையும் தொடங்கி நான்காம் வாரம் பிள்ளைக்கு நான் அழைக்கிறேன். எத்தனை கிரெடிட், எந்த முகவரி, டிஎஸ்ஓவின் பெயர் என்ன என்று கேட்பேன். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கே அவரைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். யாரிடமாவது வாயால் சொன்னால், அதே நாளில் அதை மின்னஞ்சலிலும் எழுதிவிடும்படி பழக்குகிறேன். பெற்றோருக்கான அனுமதிப் படிவத்தை எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதைக் கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். இந்த மாணவியும் புதிதாகப் போகிறவர்களோடு பேசுகிறார். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கல்லூரி மின்னஞ்சல் பெட்டியைப் பிள்ளை என் மேசையில் இருக்கும்போதே தொலைபேசியில் இணைக்கிறோம். நான் அதற்கு ஒரு வரி எழுதி அனுப்புவேன். தொலைபேசியில் அது வந்து விழும் சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளையைப் பயணத்துக்கு விடுவேன்.